போல்ட் தலையில் ஆறு கோடு

அந்தப் படகு வந்த நாளிலிருந்தே ப்ரியம்வதாவுக்கு அதைப் பார்த்தால் குமட்டும். மூன்று பேரிடம் கைமாறி வந்த பத்தொன்பது அடிப் படகு. இருக்கைக்கு அடியில் எப்போதோ செத்த மீனின் நாற்றம் இருந்தது. மீனைத் தேடினால் கிடைக்கவில்லை, நாற்றம் மட்டும் போகவில்லை. தரையில் ஒட்டியிருந்த கம்பளத்தை மிதித்தால் ஓரங்களில் பச்சையாகத் தண்ணீர் கசிந்தது. கப் வைக்கும் குழிகளில் பழைய பீரும் சூரியகாந்தி விதைத் தொலியும் இறுகிக் கறுத்துப் போயிருந்தன. அவற்றை அவள்தான் ஒரு ஸ்பூனால் சுரண்டி எடுத்தாள். பிறகு அந்த ஸ்பூனைக் குப்பையில் போட்டாள்.

படகை வாங்கியது அவள் கணவன் கௌசிக்கும் அவனோடு வேலை பார்க்கும் சிவராமகிருஷ்ணனும். கூட்டுப் படகு. இரண்டு வாரம் ரிச்சர்ட்சன் ஊரில் கௌசிக் வீட்டுப் பக்கவாட்டில் நிற்கும், இரண்டு வாரம் பக்கத்து ஊரான ஆலனில் சிவா வீட்டில் நிற்கும். அதற்கு மேல் ஒரே இடத்தில் நின்றால் குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம் வரும். படகை இழுக்கிற வண்டி இரண்டு பேரிடமும் கிடையாது. எதிர்வீட்டுப் பேரின்பநாதன் அங்கிளிடம் பெரிய பிக்கப் ட்ரக் இருந்தது. யாழ்ப்பாணத்துக்காரர், அறுபது தாண்டியவர், இரண்டு பெட்ரோல் பங்க் வைத்திருந்தார். கேட்டால் மறுக்கமாட்டார். லேவன் ஏரிக்கு இழுத்துக்கொண்டு போய், மனைவி நேசமலரோடு கரையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். படகில் ஏறியதே இல்லை.

ஏப்ரல் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரியிலிருந்து திரும்பும்போதுதான் அது நடந்தது. அங்கிள் ஓட்டினார். பக்கத்தில் கௌசிக். பின் இருக்கையில் ப்ரியம்வதாவும் பதின்மூன்று வயது மகள் வெண்பாவும். நேசமலர் அன்று வரவில்லை. ஒரு சிக்னலைத் தாண்டியதும் பின்னாலிருந்து சுத்தியலால் அடித்த மாதிரி ஒரு சத்தம். ட்ரக்கின் பின்பக்கம் ஒருபுறமாக உலுக்கியது. கண்ணாடியில் பார்த்தால் படகு தலையை ஆட்டிக்கொண்டு வந்தது. அங்கிள் பிரேக்கை மிதிக்கவில்லை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுத்து, வேகம் தானாகக் குறைய விட்டு, ஓரம் கட்டினார். நிறுத்திய பிறகு ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

ட்ரெய்லரின் முன்னால் நீளும் சதுர இரும்புக் குழாயை டங் என்பார்கள். அதன் நுனிதான் ட்ரக்கோடு மாட்டும். இந்த ட்ரெய்லரில் டங் நடுவில் மடங்கும், கராஜில் இடம் அடைக்காமலிருக்க. மடங்கும் இடத்தில் ஒரு கீல். கீலின் தகடுகளைக் குழாயோடு பிடித்திருந்தவை நான்கு போல்ட்கள். அதில் ஒன்று துண்டாகியிருந்தது, இன்னொன்று வளைந்திருந்தது. டோ ட்ரக் வந்து படகைப் பக்கத்திலிருந்த ஆலனுக்குக் கொண்டுபோய் சிவா வீட்டில் நிறுத்தியது.

உடைந்த துண்டை ப்ரியம்வதா டிஷ்யூவில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். அவள் வேலையே அதுதான். டெலிபோன் டவர்களில் ஆன்டெனாவைப் பிடித்து நிற்கும் போல்ட்களைச் சோதிக்கும் லேபில் பதினான்கு வருஷமாக இருந்தாள். உடைந்த முகத்தைச் சமையலறை விளக்கில் பிடித்துக் கௌசிக்கிடம் காட்டினாள். முக்கால்வாசி கறுப்பும் துருவும். ஓரத்தில் மட்டும் நகக்கண் அளவுக்குப் புது இரும்பின் வெள்ளை.

"பாத்தியா? இது இன்னைக்கு உடையல. பல மாசமா கொஞ்சம் கொஞ்சமா உடைஞ்சிட்டே வந்திருக்கு. இன்னைக்கு மிச்சம் இருந்தது இவ்ளோதான்."

"சரி, மாத்திடலாம். சிவா பாத்துக்கறேன்னிருக்கான்."

"எதை வாங்கணும்னு நான் எழுதித் தர்றேன்."

எழுதினாள். அரை இஞ்ச் தடிமன். ஐந்து இஞ்ச் நீளம். நான்கையுமே மாற்ற வேண்டும், உடைந்ததை மட்டும் போதாது. பலத்தில் கிரேடு ஃபைவ். உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த தடித்த பூச்சு. அதே பூச்சுள்ள நட். தடித்த வாஷர். கடைசியில் ஒரு போல்ட் தலையை வரைந்து, நடுவிலிருந்து விளிம்புக்கு மூன்று கோடு போட்டுக் காட்டினாள். கிரேடு ஃபைவின் அடையாளம் அந்த மூன்று கோடு.

மறுநாள் சிவா போனில் கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்கள்.

"என்னங்க, ஒரு போல்ட்டுக்கு ஒரு பக்கம் எழுதியிருக்கீங்க. ஸ்டெயின்லெஸ் போட்டா முடிஞ்சுது. துருவே பிடிக்காதே."

"துரு பிடிக்காது சிவா. ஆனா கடையில சாதாரணமா கிடைக்கிற ஸ்டெயின்லெஸுக்கு அந்த பலம் கிடையாது. இழுத்தா நீளும்."

"அப்ப கிரேடு எய்ட்? அதுதான் டாப்னு யூட்யூப்ல சொல்றான்."

"எய்ட் இன்னும் கெட்டிதான். ஆனா வாரா வாரம் தண்ணில முங்கி எழுந்திரிக்கற ட்ரெய்லர் இது. எய்ட்ல சாதாரணமா வர்றது மெல்லிசு மஞ்சப் பூச்சு. ஒரு சீசன்ல போயிடும். ஃபைவ் போதும், பூச்சு தடிமனா இருக்கணும். இன்னொண்ணு, முழுக்க மரை வெட்டினது வாங்காதீங்க. தகடும் குழாயும் சேர்ற இடத்துல வழவழப்பான பாகம் நிக்கணும். மரை நின்னா அந்தப் பள்ளத்துலதான் வெட்டுப்படும். கார்லண்டைத் தாண்டி ஒரு ட்ரெய்லர் பார்ட்ஸ் கடை இருக்கு. அங்க கேட்டா எடுத்துக் குடுப்பாங்க."

"ஓகே மேடம்" என்று சிவா இழுத்தான். பின்னணியில் யாரோ சிரித்தது கேட்டது.

மே மாதம் மூன்றாவது சனிக்கிழமை அங்கிள் ஆலனுக்குப் போய்ப் படகை இழுத்துக்கொண்டு வந்தார். வேலை சுத்தமாக முடிந்துவிட்டது என்று கௌசிக் சொன்னான். அடுத்த வாரக் கடைசி மெமோரியல் டேயோடு சேர்ந்த மூன்று நாள் விடுமுறை. எல்லோரும் ஏரிக்குப் போவதாக ஏற்பாடு. ப்ரியம்வதா அந்த வாரம் முழுக்கப் படகுப் பக்கமே போகவில்லை. வெயில் ஏறிவிட்டது, அந்த நாற்றம் ஜன்னல் வரை வந்தது. குப்பைத் தொட்டியைத் தெருவுக்குத் தள்ளும்போதுகூட மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்தாள்.

வியாழக்கிழமை மாலைதான் குனிந்து பார்த்தாள்.

டங்குக்குப் புதிதாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள், துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே. பெயிண்டுக்கு அடியில் துரு கொப்புளம் கொப்புளமாகத் தெரிந்தது. விரலால் அழுத்தினால் பொருக்கு உதிர்ந்தது. போல்ட் தலைகள் மட்டும் பெயிண்ட் படாமல் பளிச்சென்று இருந்தன. ஒவ்வொரு தலையிலும் ஆறு கோடு.

அவளுக்கு முதலில் வந்த எண்ணம், சொன்னதைக் கேட்காமல் கிரேடு எய்ட் வாங்கியிருக்கிறார்கள் என்பது. ஆறு கோடு என்றால் எய்ட். பிறகு போனில் வெளிச்சத்தைப் போட்டு இன்னும் கிட்டே பார்த்தாள். தொழிற்சாலையில் தலையை அச்சில் அடிக்கும்போதே அந்தக் கோடுகள் விழும். சம இடைவெளியில், ஒரே நீளத்தில் இருக்கும். பக்கத்தில் தயாரித்தவரின் முத்திரை இருக்கும். இங்கே முத்திரை இல்லை. கோடுகள் ஒன்று நீளம், ஒன்று குட்டை. ஒன்று விளிம்பைத் தாண்டி வழுக்கிப் பக்கவாட்டில் இறங்கியிருந்தது. வெட்டிய இடத்தில் பூச்சு போய் உள்ளே இரும்பு தெரிந்தது. ஐந்து நாள் இரவுப் பனியில் அதில் ஏற்கெனவே செம்மண் நிறத்தில் துரு ஊறத் தொடங்கியிருந்தது.

கையால் போட்ட கோடு.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். வாயில் எச்சில் ஊறியது, வாந்திக்கு முன்னால் ஊறுகிற மாதிரி. கராஜுக்குப் போய் ஸ்பானர் எடுத்துவந்து ஒரு போல்ட்டைக் கழற்றினாள். நுனி முதல் தலை வரை மரை. நீளமும் நாலரை இஞ்ச்தான். கடையில் அலமாரி மாட்டுவதற்கென்று டப்பாவில் கொட்டி வைத்திருப்பார்களே, அந்த ரகம். எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். இரவு சாப்பிடவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டுப் படுத்தாள்.

வெள்ளிக்கிழமை லேபில் மதிய இடைவேளையில் அதை இழுவை மெஷினில் மாட்டினாள். கிரேடு ஃபைவ் நீளத் தொடங்க வேண்டிய பாரத்தில் பாதிகூட வரவில்லை, இது நீள ஆரம்பித்துவிட்டது. பபிள்கம்மை இழுக்கிற மாதிரி இடுப்பு மெலிந்து, மெதுவாக, அசிங்கமாக நீண்டுகொண்டே போனது. பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்து, இது யார் வாங்கினது என்று ஆங்கிலத்தில் கேட்டார். தெரிந்தவர்கள் என்றாள். வீட்டில் என்று சொல்ல வாய் வரவில்லை.

மாலை ஐந்தரைக்கு சிவா வந்தான். மறுநாளுக்கான ஐஸ் பெட்டியையும் மடக்குக் கூடாரத்தையும் படகில் ஏற்ற கௌசிக்கும் கூட நின்றான். ப்ரியம்வதா வெளியே வந்து, இழுபட்ட போல்ட்டை ஐஸ் பெட்டியின் மூடி மேல் வைத்தாள்.

சிவா அதைப் பார்த்தான். பிறகு சிரித்தான்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா? நான் அப்பவே சொன்னேன், இவங்க கண்டுபிடிச்சிடுவாங்கன்னு."

"எங்க வாங்கினீங்க இதை?"

"அந்தக் கடை ஞாயித்துக்கிழமை லீவுங்க. வீக்டேல எங்க போறது? பக்கத்து ஹார்ட்வேர் கடையில இதே சைஸ் இருந்துது. போல்ட் போல்ட்தானே."

"சரி. கடை லீவு. கிடைச்சதைப் போட்டீங்க. அதை எங்கிட்ட சொல்லியிருக்கலாம். கோடு எதுக்குப் போட்டீங்க?"

சிவா இரண்டு கையையும் தூக்கினான். "என்னை ஏங்க பாக்கறீங்க? கோடு நான் போடல. அது உங்க வீட்டுக்காரர் கைவண்ணம்."

ப்ரியம்வதா திரும்பிக் கௌசிக்கைப் பார்த்தாள். அவன் கூடாரத்துப் பையின் ஜிப்பை மூடித் திறந்துகொண்டிருந்தான்.

"நீயா?"

"ப்ரியம், இதை ஒரு பெரிய இஷ்யூ ஆக்காத."

"நீயா போட்ட?"

"நம்ம ட்ரெமல் இருந்துது, அந்தச் செதுக்கற மெஷின். அஞ்சு நிமிஷ வேலை. நீ குனிஞ்சு கோடு இருக்கான்னுதான் பாப்ப. இல்லைன்னா டென்ஷன் ஆவ, ட்ரிப்பே கேன்சல் ஆகும். வெண்பா ஆசையா இருக்கா. அதான்."

"நான் மூணு கோடு எழுதிக் குடுத்தேன்."

"தெரியும். ஆறு இன்னும் பெட்டர்னு சிவா சொன்னான். நீ சந்தோஷப்படுவன்னு நெனச்சேன்."

சிவா மறுபடி சிரித்தான். கௌசிக்கின் உதடும் கோணியது, சிரிப்பை அடக்குகிறவன் மாதிரி. ப்ரியம்வதா அந்த உதட்டையே பார்த்தாள். கோபம் வந்தால் அவளுக்குக் காது சூடாகும், குரல் ஏறும். பதினாறு வருஷத்தில் கௌசிக்கிடம் எத்தனையோ முறை கோபப்பட்டிருக்கிறாள். இப்போது காது சூடாகவில்லை. இருட்டில் வெறுங்காலால் ஏதோ ஈரமான, மெத்தென்ற ஒன்றை மிதித்துவிட்ட மாதிரி இருந்தது. காலை எடுக்க வேண்டும், கழுவ வேண்டும் என்பது மட்டும்தான் தோன்றியது.

"வெண்பா அந்த ட்ரக்லதான வரப்போறா" என்றாள்.

"முப்பது மைல்கூட இல்ல. ஒண்ணும் ஆகியிருக்காது."

"அங்கிள் ஓட்டப்போறாரு. அவருக்குத் தெரியுமா?"

சிவா ஐஸ் பெட்டியைத் தன் காருக்கே திரும்ப எடுத்துக்கொண்டு போனான். போகும்போது, "சரி, நீங்க ரெண்டு பேரும் பேசி முடிங்க, எனக்கு மெசேஜ் போடுங்க" என்றான், ஹோட்டலில் பில் வரும்போது பாத்ரூமுக்குப் போகிறவனின் குரலில்.

"போய் அங்கிள்கிட்ட சொல்லு" என்றாள் ப்ரியம்வதா. "என்ன பண்ணோம்னு நீயே சொல்லு. இப்பவே."

கௌசிக் தெருவைக் கடந்தான். அவள் வாசலில் நின்று பார்த்தாள். அங்கிள் கதவைத் திறந்தார். கௌசிக் ஏதோ சொன்னான், கையால் டங் மடங்குவதைக் காட்டினான். அங்கிள் தலையாட்டி அவன் தோளில் தட்டினார். ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்தான்.

"சொல்லிட்டேன். ட்ரிப் கேன்சல். இப்ப திருப்தியா?"

அவள் தலையாட்டினாள். அந்தத் தோள் தட்டு மட்டும் மனசில் உறுத்தியது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மணி அடித்தது. வாசலில் அங்கிள், கையில் தன் டூல் பெட்டியோடு.

"தம்பி சொன்னவர், கீல் இன்னும் சரிவரேல்லையாம், வெல்டிங் பிழையாம் எண்டு. நான் ஒருக்காப் பாப்பம் எண்டு வந்தனான். எனக்குத் தெரிஞ்ச வெல்டர் ஒராள் மெஸ்கீட்டில இருக்கிறார். பிள்ளையள் ஆசைப்பட்டதுகள், பாவம்."

ப்ரியம்வதா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். மாடியில் கௌசிக் குளிக்கிற தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அந்த நல்ல மனிதர் அவன் தோளில் தட்டியது எதற்காக என்பது இப்போதுதான் புரிந்தது.

"வெல்டிங்ல ஒண்ணும் இல்ல அங்கிள்" என்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். கடை லீவு, டப்பா போல்ட், ட்ரெமல், ஆறு கோடு, லேபில் இழுத்துப் பார்த்தது. தன் வீட்டைப் பற்றிச் சொல்கிறோம் என்பதற்காக எதையும் மழுப்பவில்லை. அவரை ட்ரெய்லரிடம் அழைத்துப்போய், மிச்சமிருந்த மூன்று தலைகளையும் காட்டினாள்.

அங்கிள் குனிந்து வெகுநேரம் பார்த்தார். கட்டைவிரலால் ஒரு கோட்டைத் தடவினார்.

"அந்தக் கடை எவ்வளவு தூரம் பிள்ளை?"

"இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கும்."

"இருபத்தைஞ்சு நிமிஷம்" என்றார். நிமிர்ந்தார். "போன சனிக்கிழமை நான் இதை ஆலனில இருந்து செவன்டி ஃபைவ் ஹைவேயில இழுத்துக்கொண்டு வந்தனான். மணிக்கு அறுபத்தைஞ்சு மைல் வேகத்தில வந்தனான். எனக்குப் பின்னால ஒரு சின்னக் கார், பேபி ஆன் போர்ட் எண்டு ஒட்டினது. கன தூரம் பின்னாலயே வந்தது. நான் நினைச்சன், வேலையெல்லாம் சரியாச் செய்திருக்கினம், பயமில்லை எண்டு."

அவர் குரல் உயரவில்லை. முகம் மட்டும் ஊசிப்போன சோற்றை வாயில் வைத்தவர் போலச் சுருங்கியது. கட்டைவிரலைக் கால்சட்டையில் துடைத்தார், பிறகு மறுபடியும் துடைத்தார்.

"என்னை மன்னிச்சிடுங்க அங்கிள். ஒரு வாரமா இது இங்கதான் நின்னுது. நாத்தம்னு நான் கிட்டயே போகல. அன்னைக்கே குனிஞ்சு பாத்திருக்கணும்."

"நீர் எழுதிக் குடுத்தனீர்தானே" என்றார். படகைத் திரும்பிப் பார்த்து, "சங்கக்காரர் கடிதம் போடுவினம். இந்தப் படகை இங்கையிருந்து எடுக்கவேணும். உந்தப் போல்ட்டோட நான் தொடமாட்டன். வாரும், கடைக்குப் போவம்" என்றார்.

கார்லண்டைத் தாண்டிய அந்தக் கடையில் ரப்பர் டயர் வாசனையும் கிரீஸ் வாசனையும் சுத்தமாக இருந்தன. சுவர் முழுக்க இழுப்பறைகள். ப்ரியம்வதா அளவெடுக்கும் கேலிபரைக் கையோடு கொண்டுபோயிருந்தாள். கவுண்டரில் இருந்த பெண் முதலில் நாலரை இஞ்ச் எடுத்துக் கொடுத்தாள். மூன்று கோடு இருந்தது, முத்திரை இருந்தது, பூச்சும் சாம்பல் நிறத்தில் தடிப்பாக இருந்தது. ப்ரியம்வதா வழவழப்பான பாகத்தை அளந்துவிட்டு வேண்டாம் என்றாள்.

"ஏன் பிள்ளை? எல்லாம் இருக்குதே" என்றார் அங்கிள்.

"குழாய் மூணு இஞ்ச், ரெண்டு பக்கமும் தகடு கால் கால் இஞ்ச். இதுல மரை சரியா தகடும் குழாயும் சேர்ற இடத்துல ஆரம்பிக்குது. அங்க வரக்கூடாது. அஞ்சு இஞ்ச் எடுக்கலாம். அதுல வழவழப்பு கால் இஞ்ச் கூடுதலா வெளிய நிக்கும், நட் இறுகாது. ரெண்டு பக்கமும் தடிச்ச வாஷர் குடுத்தா சரியா உக்காரும்."

ஐந்து இஞ்சில் ஆறு எடுத்து வைத்து, அதில் ஒன்றின் தலை ஓரத்தில் பூச்சு கட்டி தட்டியிருந்ததால் ஒதுக்கினாள். இன்னொன்றில் மரைக்குள் துத்தநாகம் சொட்டி உறைந்திருந்தது, அதையும் ஒதுக்கினாள். மிச்சம் நான்கு. கவுண்டர் பெண் கொடுத்த நட்கள் இரண்டு சுற்றுக்கு மேல் ஏறவில்லை. சாதா நட். தடித்த பூச்சுக்கு இடம் விட்டு அகலமாக மரை வெட்டிய நட் வேறு இழுப்பறையில் இருந்தது. அது கடைசிவரை விரலாலேயே ஏறியது. அங்கிள் ஒவ்வொன்றையும் ஏற்றி இறக்கிப் பார்த்தார். தலையிலிருந்த மூன்று கோடுகளையும் விரலால் தடவினார். அவை மழுங்கலாக, சமமாகப் புடைத்திருந்தன.

வீட்டுக்கு வந்து முதலில் துருவைச் சுரண்டினார்கள். பெயிண்ட் தோல் மாதிரி உரிந்து வந்தது. உள்ளே சேறும் எவருடையதோ தலைமுடியும் கிரீஸும் கலந்து கட்டியாக இருந்தன. ப்ரியம்வதா கையுறை போட்டுக்கொண்டு அதை வழித்து எடுத்தாள். நல்லவேளையாகக் குழாயில் விரிசல் இல்லை, துளைகள் நீண்டுபோகவில்லை. போல்ட்களைச் செருகி, டார்க் ரென்ச்சில் அளவு வைத்து இறுக்கினாள். உள்ளே வெற்றுக் குழாய், அதிகம் இறுக்கினால் சுவர் நசுங்கிவிடும். அங்கிள் மறுபுறம் ஸ்பானரைப் பிடித்துக்கொண்டார்.

கடைசிப் போல்ட்டை இறுக்கும்போது கௌசிக் வெளியே வந்தான். காலையிலிருந்து மாடியில்தான் இருந்தான். டங்கைப் பார்த்தான்.

"சூப்பர். சரியாயிடுச்சா? அப்ப நாளைக்குப் போலாமே அங்கிள். லாங் வீக்கெண்ட்தானே."

அங்கிள் ஸ்பானரைத் துணியில் துடைத்துப் பெட்டியில் வைத்தார்.

"நான் இதைக் கொண்டுபோய் ஸ்டோரேஜ் யார்டில விடுறன் தம்பி. இண்டைக்கு. அதுக்குப் பிறகு வேற ஆளைப் பாருங்கோ."

"ஏன் அங்கிள்? அதான் இப்ப எல்லாம் சரியாயிடுச்சே."

"ஓம். போல்ட் சரியாயிட்டுது" என்றார் அங்கிள். ட்ரக்கைப் பின்னால் எடுக்கப் போனார்.

கௌசிக்கின் முகம் சிவந்தது. மனைவியைப் பார்த்தான். "நீ சொல்லிட்டியா?"

"நீ சொல்லிட்டேன்னு சொன்னியே."

"நான் ஏதோ நாசூக்கா சொல்லியிருந்தேன். என்னை ஏன் இப்படி அசிங்கப்படுத்தற?"

ப்ரியம்வதா கையுறையைக் கழற்றினாள். உள்ளே விரல்கள் வேர்த்து வெளுத்திருந்தன. அவனுக்குப் பதில் சொல்ல அவளிடம் நிறைய இருந்தது. ஆனால் அவன் முகத்தைப் பார்த்து ஒரு வாக்கியம் பேசுவதற்குக்கூட மனசு கூசியது. உள்ளே போய்க் கை கழுவினாள். சோப்புப் போட்டு, பிரஷ் போட்டு, மறுபடி சோப்புப் போட்டு.

அதற்குப் பிறகு நேசமலர் ஆன்டி எப்போதும்போல வந்துபோனார், வெண்பாவுக்கு ரோல்ஸ் கொண்டுவந்து கொடுத்தார். அங்கிள் கௌசிக்கைத் தெருவில் பார்த்தால் தலையாட்டுவார், நிற்கமாட்டார். "ஒரு போல்ட்டுக்கு இவ்ளோ ஓவரா ரியாக்ட் பண்றாரு" என்று கௌசிக் இரண்டு முறை சொன்னான். மூன்றாம் முறை சொல்லவில்லை. ஜூன் கடைசியில் தன் பங்கை சிவாவிடமே விட்டுவிட்டான். படகு ஆலனுக்கே போயிற்று. ஒருநாள் சாப்பிடும்போது, "நான் பண்ணது தப்புதான், ப்ரியம்" என்றான், தட்டைப் பார்த்துக்கொண்டு. அவள் சரி என்றாள். அவன் அதை மனசாரத்தான் சொன்னான் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் அவன் பரிமாறிய ரசத்தை அவளால் முழுக்கக் குடிக்க முடியவில்லை.

ஒட்டிக்கொண்டது வேறு ஒன்று. அவன் செய்துவிட்டேன் என்று சொல்கிற எதையும் அவள் போய்ப் பார்க்கத் தொடங்கினாள். டயரில் காற்று அடித்தேன் என்றால் கேஜை எடுத்துக்கொண்டு போனாள். வெண்பாவின் ஸ்கூல் ஃபாரத்தை அனுப்பிவிட்டேன் என்றால் அவன் மெயிலைத் திறந்து பார்த்தாள். எல்லாம் சரியாகவே இருந்தன. அதனால் நிம்மதி வரவில்லை. தன்னைப் பார்த்தே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. சொந்த வீட்டில் திருடனைத் தேடுகிற மாதிரி அலைந்தாள்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, வெண்பா அறையில் ஸ்மோக் அலாரத்துக்குப் பேட்டரி மாற்றிவிட்டதாகக் கௌசிக் சொன்னான். மத்தியானம் அவன் கீழே டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது ப்ரியம்வதா நாற்காலி போட்டு ஏறி மூடியைத் திருகிக் கழற்றினாள். உள்ளே புதுப் பேட்டரி. அதன் மேல் தேதிகூட மார்க்கரில் எழுதி வைத்திருந்தான்.

மூடியைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பியபோது அவன் அறை வாசலில் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியவில்லை. கீழே டிவியில் யாரோ கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நாற்காலி ஆடுது" என்றான் கௌசிக். "பிடிச்சுக்கவா?"

"வேண்டாம்" என்றாள் அவள்.

அவன் போகவில்லை. அவள் மூடியைத் திருகி முடித்து இறங்கும்வரை அங்கேயே நின்றான்.